நாண் இறக்காத வில்

(துவாக்குடியில் சமணக் குடும்பங்கள் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் துவாக்குடி அமைந்திருக்கிறது. ஆலைகளாலும் பொறியியற் கல்லூரியாலும் வளர்ந்த ஊர் இது. இங்கு வாழ்வோருள் பலர் பணியின் பொருட்டு வேறு ஊர்களிலிருந்து வந்து குடியமர்ந்தவர். அவர்களுக்குச் சொந்த ஊரில் விட்டுவந்த வீடும் நிலமும் உண்டு. விட்டுவர இயலாமல் உடன் கொண்டுவந்த மனக்கசப்புகளும் உண்டு. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினையில் நேர்ந்த வஞ்சனை, கோயில் முதன்மையில் எழுந்த பிணக்கு, திருமணப் பந்தலில் கேட்ட ஒரு சுடுசொல் என அவை பல வகைப்படும். தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் சொத்துகளுள் இவையும் அடங்கும். எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாமலே இவை கைமாறுகின்றன. இன்றைய உரை அந்தச் சொத்தைப் பற்றியது. அதனைத் தொடங்கிவைக்கப் பழைய திரைப்படம் ஒன்று துணை செய்கிறது.

1972-ஆம் ஆண்டில் 'கங்கா' என்னும் தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது. ஒளிப்பதிவாளராக விளங்கிய எம். கர்ணன் அதனை இயக்கினார். ஜெய்சங்கர் கதைத் தலைவராக நடித்தார். குதிரையும் அகன்ற தொப்பியும் இடுப்பில் துப்பாக்கியுமாக, அமெரிக்க மேற்குப் புலத்துக் கதைகளின் பாணியைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்த படங்களுள் அது ஒன்று. கர்ணன் 1970-இல் 'காலம் வெல்லும்' என்னும் படத்தையும், 1972-இலேயே 'ஜக்கம்மா' என்னும் படத்தையும் தந்தவர். 'கங்கா' படத்தின் கரு எளியது. தந்தையின் சாவுக்குப் பழிதீர்க்கப் புறப்படும் மகனின் கதை அது. இந்த அவையில் நரை கண்ட பெரியோருள் சிலர், இளமையில் கொட்டகைத் தரையில் அமர்ந்து அத்தகைய படங்களுக்குக் கைதட்டியிருக்கக் கூடும். கைதட்டியதில் வியப்பில்லை. தந்தையை இழந்த மகனின் துயரம் எவர் நெஞ்சையும் தொடும். தீயவன் வீழும்போது உலகில் நீதி ஒன்று உண்டென்னும் ஆறுதலும் பிறக்கும்.

ஆயினும் அத்தகைய படங்களில் காட்டப்படாத ஒன்று உண்டு. கடைசிக் குண்டு வெடித்தபின் திரை விழுந்துவிடும். மறுநாட் காலையில் அந்த மகன் எப்படி எழுந்தான், யாரோடு பேசினான், கையைக் கழுவும்போது என்ன நினைத்தான் என்பவற்றைக் காண்பதற்குள் அவையோர் வெளியே வந்து வண்டியைத் தேடத் தொடங்கியிருப்பர்.

இந்தக் குறையை ஓரளவு உணர்ந்து எடுக்கப்பட்ட அமெரிக்கப் படமும் ஒன்று உண்டு. அதன் பெயர் 'நெவாடா ஸ்மித்'. ஹென்றி ஹாத்தவே இயக்கி, ஸ்டீவ் மெக்குவீன் நடித்து, 1966-இல் வெளிவந்தது. மேக்ஸ் சாண்ட் என்னும் இளைஞனின் தந்தை வெள்ளையர். தாய் கையோவா என்னும் செவ்விந்தியக் குடியைச் சேர்ந்தவள். வழியில் எதிர்ப்பட்ட மூவர் அவனிடம் அவன் வீட்டுக்கே வழி கேட்கின்றனர். தந்தையின் நண்பர்கள் என நம்பி அவனே வழி காட்டிவிடுகிறான். அம்மூவரும் பொன்னுக்கு ஆசைப்பட்டுப் பெற்றோர் இருவரையும் வதைத்துக் கொல்கின்றனர். மகன் பழிதீர்க்கப் புறப்படுகிறான். வழியில் துப்பாக்கி வணிகர் ஒருவர் அவனுக்குச் சுடக் கற்றுத் தருகிறார். ஒருவனைக் கத்தியால் கொல்கிறான். இரண்டாமவன் சதுப்பு நிலச் சிறையில் கிடக்கிறான் என அறிந்து, குற்றம் செய்து தானும் அச்சிறைக்குள் புகுந்து அவனை முடிக்கிறான். இடையில் பாதிரியார் ஒருவர் அவனுக்கு அடைக்கலம் தந்து, பகையை விடுமாறு அறிவுரை கூறுகிறார். அப்போது அவன் கேட்கவில்லை. இறுதியில் மூன்றாமவன் ஓடை நீரில் காலில் அடிபட்டு வீழ்ந்து கிடக்கிறான். கொன்றுவிடு என அவனே கூவுகிறான். மகனோ கொல்லாமல் துப்பாக்கியை எறிந்துவிட்டுக் குதிரையேறிச் செல்கிறான்.

துப்பாக்கி கையிலிருந்து விழும் அந்தக் கணம் பாராட்டத்தக்கது. ஆனால் அது வெறுப்பின் களைப்பா, அருளின் தொடக்கமா என்பதை அந்தப் படம் சொல்லவில்லை. கொல்லும் தகுதிகூட உனக்கில்லை என இகழ்ந்து விட்டுச் செல்வதும் ஒரு வகைத் தண்டனையே. அந்த மகன் எதிரியைப் பார்த்தான். தன்னைப் பார்த்தானா என்பது விடையில்லாத வினா.

அந்த வினாவுக்கு விடை சொன்ன நூல் ஒன்று, குதிரை வீரர் படங்களுக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் தோன்றிவிட்டது. அதனை இயற்றியவர் சமணத் துறவியாகிய திருத்தக்கதேவர். நூல் சீவக சிந்தாமணி. தந்தையைக் கொன்றவனைப் பழிதீர்க்கும் மகனின் கதையாகவே அது தொடங்குகிறது. 13 இலம்பகங்களையும் 3,145 செய்யுள்களையும் உடைய அக்காப்பியத்தைத் தமிழுலகம் மணநூல் என்று அழைக்கிறது. எட்டு மணங்களின் ஒளியில் அதனுள் ஓடும் குருதிக் கோடு பலர் கண்ணுக்குப் படுவதில்லை.

ஏமாங்கத நாட்டின் தலைநகர் இராசமாபுரம். மன்னன் சச்சந்தன், தேவி விசயையின்மேல் கொண்ட காதல் மிகுதியால் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்தான். அறிந்தோர் தடுத்தும் கேட்கவில்லை. கட்டியங்காரன் படையுடன் அரண்மனையை வளைத்தான். சூலுற்றிருந்த தேவியை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மன்னன் போரில் மாண்டான். வானில் சென்ற தேவியின் செவியில் பகைவனின் வெற்றி முரசு விழுந்தது. அவள் மயங்கினாள், பொறி சுடுகாட்டில் இறங்கியது. அரசன் மகன் பிணம் எரியும் காட்டில் பிறந்தான். தன் இறந்த குழந்தையை எடுத்துக்கொண்டு அங்கு வந்த வணிகன் கந்துக்கடன், உயிருள்ள குழந்தையைக் கண்டெடுத்து மகனாக வளர்த்தான். தேவி தவப்பள்ளி சேர்ந்தாள்.

இங்குத் தாய்மார் ஒன்றைக் கருத வேண்டும். விசயை தன் மகனுக்கு விட்டுச் சென்றது அவன் தந்தையின் மோதிரம் ஒன்றே. பகையின் கதையைப் பாலோடு புகட்ட அவள் அருகில் இல்லை. கந்துக்கடனும் சுநந்தையும் அன்பையே ஊட்டினர். கல்வியும் கலையும் முற்றுப்பெறும் வரை சீவகன் எவரையும் வெறுக்கக் கற்காமல் வளர்ந்தான். ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய செல்வம் இல்லை.

உண்மையை அவனுக்குச் சொன்னவர் ஆசிரியர் அச்சணந்தி. வேற்றான் கதைபோல் தொடங்கி, அந்த மகன் நீயே என்று முடித்தார். சீவகன் முதலில் துயரத்தால் சோர்ந்தான். பின் சினத்தால் எழுந்தான். அக்கணமே கட்டியங்காரன்மேல் பாயத் துடித்தான். ஆசிரியர் அவனைத் தடுத்து ஒரு வரம் கேட்டார். ஓராண்டுக் காலம் அவன்மேல் போர் தொடுப்பதில்லை என்று வாக்குத் தர வேண்டும் என்றார். மாணவன் தந்தான்.

நெவாடா ஸ்மித்துக்கும் ஓர் ஆசிரியர் வாய்த்தார். அவர் துப்பாக்கியை விரைந்து எடுக்கக் கற்பித்தார். சீவகனின் ஆசிரியர் வில்லையும் கற்பித்து, அதனைத் தாழ்த்தி வைக்கவும் கற்பித்தார். இரு கதைகளும் பிரியும் இடம் இதுவே.

அந்தக் காத்திருப்பில் சீவகன் செய்தவற்றை எண்ணிப் பார்க்கலாம். உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர்விட்டுக்கொண்டிருந்த ஒரு நாயின் செவியில் பஞ்சமந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. மதங்கொண்ட யானையின் முன் நின்று குணமாலையைக் காத்தான். பாம்பு தீண்டிய பதுமையின் உயிரை மீட்டான். யானையை அடக்கிய புகழ் பொறாத கட்டியங்காரன் அவனைப் பிடித்துக் கொல்ல ஆணையிட்டபோது, எதிர்த்து வெல்லும் ஆற்றல் இருந்தும், ஆசிரியர்க்குத் தந்த வாக்கை எண்ணி அடங்கினான். நாயாய் இருந்து தேவனான சுதஞ்சணனே வந்து அவனைக் காத்தான். பழிக்கென ஒதுக்கியிருந்தால் வீணாகியிருக்கும் ஓராண்டு, பிற உயிர்களைக் காக்கும் ஆண்டாயிற்று. காத்த உயிரே அவனையும் காத்தது.

துவாக்குடியில் வாழ்வோர்க்கு இதனை விளக்குவது எளிது. அருகிலுள்ள பெரிய ஆலையில் கொதிகலன்களைச் செய்கிறார்கள். கலத்தினுள் நீராவியின் அழுத்தம் அளவை மீறினால் அதனை வெளியேற்ற வால்வு வேண்டும். இல்லையேல் கலம் வெடிக்கும். அதே நீராவியைக் குழாயில் செலுத்தினால் சுழலி சுழன்று ஊருக்கு விளக்கெரியும். அச்சணந்தி கேட்ட ஓராண்டு அத்தகைய குழாய்.

இனி, நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய இடம் வருகிறது. சீவகன் கட்டியங்காரனை மன்னிக்கவில்லை. ஓராண்டு கழிந்தது. மாமன் கோவிந்தனின் துணை கிடைத்தது. திரிபன்றிப் பொறியை அம்பால் வீழ்த்தி, தான் யாரென உலகறியச் செய்தான். போர் மூண்டது, கட்டியங்காரன் மாண்டான். கட்டியங்காரனின் மைந்தரும் அக்களத்தில் எதிர்த்து நின்று மாண்டனர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட துறவி பாடிய காப்பியத்தில் இது எப்படி இடம் பெற்றது என்று இளைஞர் கேட்பது நியாயமே.

சமண நூல்கள் இம்சையை நான்கு வகையாகப் பிரிக்கின்றன. கொல்ல வேண்டும் என்றே எண்ணிச் செய்வது சங்கல்பி. சமையல், துப்புரவு போன்ற இல்வாழ்க்கைச் செயல்களில் நேர்வது ஆரம்பி. உழவு, தொழில் முதலியவற்றில் நேர்வது உத்தியோகி. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோதி. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் அறவே விட வேண்டும். மற்றவற்றைக் குறைத்துக்கொள்ள முயல வேண்டும். துறவி நான்கையும் விட வேண்டும். கொடுங்கோலனிடமிருந்து நாட்டை மீட்கும் அரசனின் போர் நான்காம் வகையுள் அடங்கும் என்று கூறி நூல் சீவகனை விடுவித்திருக்கலாம். பலர் அப்படியே கூறி அமைவர்.

திருத்தக்கதேவர் அவ்வளவில் நிற்கவில்லை. தந்தையை இழந்த ஒரு மகன் களத்தில் வென்றான். அதே களத்தில் தந்தையை இழந்த வேறு மைந்தர் வீழ்ந்தனர். அவர்கள் உயிரோடு இருந்திருந்தால் அவர்களுக்கும் ஓர் அச்சணந்தி தேவைப்பட்டிருப்பார். பழி ஒன்றைத் தீர்த்தால் பழி ஒன்று பிறக்கும் என்பதை அறிவுரையாகச் சொல்லாமல், கதையின் உடம்பிலேயே புலவர் வைத்துவிட்டார். பிற படங்களுக்குத் திரை விழும் அந்த இடத்தில் அவருடைய கதை முடியவும் இல்லை.

முடிசூடிய சீவகன் நெடுங்காலம் நல்லாட்சி செய்தான். மகனின் வெற்றியைக் கண்ட விசயை, தான் மகனைப் பெற்ற சுடுகாட்டை அறக்கோட்டமாக்கினாள். அங்குப் பிள்ளைகளுக்குப் பாலும் உணவும் அளிக்கச் செய்தாள். பின் துறவு பூண்டாள். துயரம் நேர்ந்த இடத்தில் வெற்றித் தூண் நாட்டாமல் பிள்ளைகளுக்குப் பால் வழங்கிய அத்தாயின் செயல், மகன் அடுத்துக் காணவிருந்த காட்சிக்கு முன்னுரை போன்றது.

ஒரு நாள் சீவகன் தேவியரோடு சோலையில் இருந்தான். ஆண்குரங்கு ஒன்று பலாச்சுளையை எடுத்துத் தன் துணைக்கு அன்போடு ஊட்ட முயன்றது. அங்கு வந்த காவற்காரன் கோலால் அதனை ஓட்டிவிட்டு, அப்பழத்தைத் தான் உண்டான். அரசர்கள் நாள்தோறும் காணக்கூடிய சிறு நிகழ்ச்சி. சீவகன் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவன் மனத்தில் வேறொன்று தோன்றியது. பழத்தை இழந்த அந்தக் குரங்கு கட்டியங்காரனைப் போன்றது. அதனை விரட்டிப் பழத்தைப் பறித்த காவற்காரன் தன்னைப் போன்றவன் என்று அவன் கண்டான்.

காப்பியத்தின் உயிர்நிலை இது. கட்டியங்காரன் தந்தையைக் கொன்றவன், நாட்டைத் திருடியவன். உலகத்தார் கண்ணில் அவன் கள்வன், சீவகன் உரியவன். அந்த உரிமையை மறுக்க எவரும் இல்லை. அப்படியிருந்தும் சீவகன் தன்னைக் கோல் ஏந்தியவனின் இடத்தில் வைத்தும், பகைவனைப் பழம் இழந்த எளிய உயிரின் இடத்தில் வைத்தும் பார்த்தான். தந்தை இழந்ததைத் தான் பறித்தான். தன்னிடமிருந்து நாளை மற்றொருவன் பறிப்பான். பழம் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும். பகைவனின் துயரத்தைப் பகைவனின் பக்கத்திலிருந்து பார்த்த அந்தக் கணத்தில்தான் பழி தீர்ந்தது. களத்தில் கட்டியங்காரன் விழுந்தபோது தீராத பழி, பலா மரத்தடியில் தீர்ந்தது.

அதன்பின் சாரண முனிவரிடம் சீவகன் தன் பழம்பிறப்பைக் கேட்டறிந்தான். முற்பிறப்பில் அவன் அசோதரன் என்னும் அரசகுமாரன். மகளிரின் விருப்பத்துக்காக, குளத்திலிருந்த அன்னக் குஞ்சு ஒன்றைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து கூட்டில் வளர்த்தான். தந்தை அறிவுறுத்தியபின் அதனை விடுத்தான். அந்த வினையே இப்பிறப்பில் அவனைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது என முனிவர் கூறினார்.

இதனைக் கட்டியங்காரனுக்குப் பிணை கொடுக்கும் வாதம் எனக் கொள்ளலாகாது. கட்டியங்காரன் செய்த கொடுமையின் வினை அவனையே சாரும். ஆனால் தனக்கு நேர்ந்த தீங்குகளுக்கெல்லாம் வேர் பிறனிடம் மட்டுமே உள்ளது என்று எண்ணுகிறவன் என்றும் பகைவனைத் தேடிக்கொண்டே இருப்பான். தன்னிடமும் ஒரு வேர் இருக்கக் கூடும் என்று ஐயுறுகிறவன் தேடலை உள்நோக்கித் திருப்புவான். அமெரிக்கப் படத்தின் இளைஞன் கொலைஞருக்குத் தன் வீட்டு வழியைத் தானே காட்டினான். அந்த நினைவு அவனை மேலும் சினமூட்டி ஓடச் செய்தது. சீவகனை அன்னக் குஞ்சின் நினைவு நிற்கச் செய்தது. அவன் மகனிடம் ஆட்சியை ஒப்படைத்து, வர்த்தமானப் பெருமானின் சமவசரணம் அடைந்து, தீக்கை பெற்று, வீடு அடைந்தான். மகனுக்கு அவன் விட்டுச் சென்றது நாடு. பகை ஒன்றையும் விட்டுச் செல்லவில்லை.

சினத்தின் வலிமையைச் சமண நூல்கள் நான்கு கோடுகளால் விளக்குகின்றன. நீரில் கீறிய கோடு கீறியவுடன் மறையும். மணலில் கீறிய கோடு காற்றடித்தால் மறையும். வறண்ட நிலத்தின் வெடிப்பு மழை வரும் வரை நிற்கும். கல்லில் வெட்டிய கோடு எளிதில் மறையாது, பிறவிதோறும் தொடரும். கல்லிற் கோடு போன்ற சினமே அனந்தானுபந்தி. நற்காட்சியையே தோன்றவொட்டாமல் தடுப்பது அது. முனிவரின் சினம் எழுந்தாலும் நீர்க்கோடு போல் மறைந்துவிட வேண்டும். இல்லறத்தாரின் சினம் கல்வெட்டு ஆகிவிடாமல் காப்பதே முதற்படி.

அடங்குவதற்கும் அழிவதற்கும் வேறுபாடு உண்டென்றும் நூல்கள் கூறுகின்றன. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்து இட்டால் சேறு அடியில் தங்கும், நீர் தெளியும். கலத்தை அசைத்தால் மீண்டும் கலங்கும். இது உபசமம். தெளிந்த நீரை வேறு கலத்தில் ஊற்றிவிட்டால் சேறு இல்லை, அசைத்தாலும் கலங்காது. இது க்ஷயம். அச்சணந்தி தந்த ஓராண்டு உபசமம். சோலையில் பிறந்து துறவில் முதிர்ந்தது க்ஷயத்தை நோக்கிய பயணம். முதலாவது இல்லாமல் இரண்டாவது வாராது. இல்லறத்தில் இருப்போர்க்கு முதலாவதேனும் கைகூட வேண்டும்.

திருத்தக்கதேவர் சிந்தாமணி பாடுமுன், ஆசிரியரின் ஆணைப்படி நரி ஒன்றைப் பொருளாகக் கொண்டு நரிவிருத்தம் பாடினார் என்பது வழக்கு. அதில் வரும் கதையைக் குழந்தைகளும் அறிவர். வேடன் ஒருவன் யானையை அம்பெய்து வீழ்த்துகிறான். பாம்பு ஒன்று அவனைத் தீண்டுகிறது. அவன் சாகுமுன் பாம்பையும் கொல்கிறான். மூன்று உடல்களைக் கண்ட நரி, பல நாளுக்கு உணவாயிற்று என மகிழ்ந்து, முதலில் வில்லின் நரம்பு நாணைக் கடிக்கிறது. நாண் அறுகிறது, நிமிர்ந்த வில் நரியைக் குத்திக் கொல்கிறது. பேராசைக்கு உவமையாகவே இக்கதை வழங்குகிறது. இன்றைய பொருளோடு பார்த்தால் மற்றொன்றும் புலப்படும். வேடன் இறந்தபின்னும் வில் கொன்றது. எய்தவன் போய்விட்டான், எதிரியும் போய்விட்டான், நாண் இறக்காமல் விட்ட வில், அந்தப் பகையில் பங்கில்லாத ஓர் உயிரையும் மாய்த்தது.

தந்தையர் வீட்டில் விட்டுச் செல்லும் பழைய பகை அத்தகைய வில். நிலத்தை அளந்து பிரித்தவர் இன்று இல்லை. பிரித்ததில் ஏமாந்தவரும் இல்லை. ஆனால் இரு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் ஒரே நகரில், ஒரே ஆலையில், ஒரே கல்லூரியில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் செல்கின்றனர். காரணம் கேட்டால் இருவருக்கும் தெரியாது. எங்கள் தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான் என்பர். சிறிய சமுதாயமாகிய தமிழ்ச் சமணர்க்கு இத்தகைய வில் ஒவ்வொன்றும் பேரிழப்பு. பெண் கொடுத்து எடுக்க வேண்டிய குடும்பங்களும், கோயிலுக்குத் தோள் கொடுக்க வேண்டிய கைகளும் அதனால் குறைகின்றன.

பிள்ளைகளுக்குப் பழைய அநீதிகளைச் சொல்லவே கூடாதா? சொல்லலாம். அச்சணந்தியும் மறைக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன முறையில் மூன்று நெறிகள் உள்ளன. பிள்ளையின் கல்வி முடிந்து அறிவு முதிர்ந்தபின் சொன்னார். சொன்ன கையோடு காத்திருக்கும் வாக்கையும் பெற்றார். சொல்லியபின் பகையைத் தூண்டிவிட அங்கு நிற்காமல், தாம் துறவுக்குச் சென்றார். சோற்றுத் தட்டின் முன் அமர்ந்திருக்கும் ஏழு வயதுக் குழந்தையிடம் சித்தப்பாவின் வஞ்சனையைச் சொல்லும் பெற்றோர், இந்த மூன்றையும் தவறவிடுகின்றனர். நீதி வேண்டுமெனில் வழக்குமன்றம் உண்டு. ஊர்ப் பெரியோர் உண்டு. உரிமையைக் கேட்பது குற்றமன்று. உரிமை கிடைத்தபின்னும் பகையைச் சுமப்பதும், கிடைக்காதபோது அதனைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதுமே குற்றம்.

தசலட்சண நாள்கள் பத்து அறங்களை எண்ணும் நாள்கள். அவற்றுள் முதலில் நிற்பது உத்தம க்ஷமை, அதாவது உயர்ந்த பொறுமை. மன்னிப்புக் கேட்கும் நாளில் நண்பர்களிடமும் அலுவலகத் தோழர்களிடமும் கேட்பது எளிது; அவர்களிடம் பெரும்பாலும் கேட்க ஒன்றும் இராது. ஊரில் பேசாதிருக்கும் ஒரு வீட்டின் கதவைத் தட்டிக் கேட்பதே அரிது. அந்த ஒரு கதவுக்காகவே அந்த நாள் ஏற்பட்டது.

சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையர், கும்பகோணத்தில் சமண இல்லங்களை நாடிச் சென்று பொருள் கேட்டறிந்தார். அவர் சென்றபோது ஓர் இல்லத்தில் சிந்தாமணியை முறையாகப் படித்து நிறைவு செய்ததை விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். 1887-இல் நூல் அச்சேறியது. தமிழுலகம் மறந்திருந்த நூலைச் சிராவகர் தம் வீட்டுக் கூடத்தில் வாய்விட்டுப் படித்துக் காத்துவந்தனர். மணங்களின் அழகுக்காக மட்டும் படித்திருந்தால், முத்தி இலம்பகம் வரை சென்று விழாக் கொண்டாடியிருக்க மாட்டார்கள். அக்கூடங்களில் அமர்ந்து கேட்ட பிள்ளைகள், பழிதீர்க்கும் கதையைத் திரை விழும் இடத்துக்கு அப்பாலும் கேட்டு வளர்ந்தனர். அந்த வழக்கம் இன்றும் மீளலாம். நாளொன்றுக்குப் பத்துச் செய்யுளாகப் படித்தால் ஓராண்டில் நூல் நிறைவுறும். அச்சணந்தி கேட்டதும் ஓராண்டே.

துவாக்குடியிலிருந்து சிராப்பள்ளிக் குன்று தொலைவில் இல்லை. அக்குன்றின் குகையில் சமணத் துறவியர் துயின்ற கற்படுக்கைகள் உள்ளன. தெற்கே சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்தில் 17 படுக்கைகளைக் காணலாம். அங்குப் படுத்தவர்களுக்கும் தந்தையர் இருந்தனர், இழப்பு இருந்தது, ஊரில் விட்டுவந்த வழக்குகளும் இருந்திருக்கும். உளி ஒன்றே, கல்லும் ஒன்றே. அந்தக் கல்லில் சினத்தின் கோட்டையும் வெட்டலாம். பகையின்றித் துயில ஒரு படுக்கையையும் வெட்டலாம். விழா முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும், தம் வீட்டு மூலையில் நாண் ஏற்றியபடி சாய்ந்திருக்கும் வில் எதுவென எண்ணிப் பார்த்து, பிள்ளைகள் அதனைத் தொடுமுன் அதன் நாணை இறக்கி வைப்பாராக.

அறம் வளர்க. எல்லா உயிரும் இன்புறுக.